குரங்கைக் காட்டித் தாயைக் குறை சொல்லாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த வண்டிக்காக நின்றது. தடுப்புச் சுவரின் மேல் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருந்தது, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி. என் முன் இருக்கையில் கைக்குழந்தை வீறிட்டு அழ, அதைச் சமாதானப்படுத்த முடியாமல் ஒரு இளம்பெண் தவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: “அந்தக் குரங்கைப் பாரம்மா. அதற்கு யார் துணை? ஒரு பிள்ளையைச் சமாளிக்க உங்கள் தலைமுறைக்குத்தான் தெரியவில்லை.” அவள் பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலே போய்ச் சேரும்வரை எனக்கு மனம் ஆறவில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். இதே பேச்சை வேறு வேறு வார்த்தைகளில் சேலத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குட்டியின் காலைப் பாருங்கள். நம் மலைப்பாதையில் இருப்பது நாட்டுக் குரங்கு, நமக்குத் தூரத்துச் சொந்தம். நெருங்கிய சொந்தங்கள் வாலில்லாத சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான். ஆனால் கால் விஷயத்தில் இவை எல்லாம் ஒரே கட்சி. கால் கட்டைவிரல் தனியே விலகி நிற்கும், எதையும் பற்றும். குட்டி தன் இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் தாயின் ரோமத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பிறந்த குழந்தை ஒன்றின் உள்ளங்கையில் உங்கள் விரலை வையுங்கள். சட்டென்று மூடிக்கொள்ளும். பாதத்தில் விரல்களுக்குச் சற்றுக் கீழே மெல்ல அழுத்துங்கள். அந்தக் குட்டி விரல்களும் உள்பக்கமாக மடங்கும். பிடிக்கும் பழக்கம் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது, பிடிப்பதற்கு ரோமம்தான் இல்லை. கால் கட்டைவிரலும் நடப்பதற்காக மற்ற நான்கோடு ஒரே வரிசைக்கு வந்துவிட்டது. ஆகவே மனிதக் குழந்தையை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் குரங்குக்கு இரண்டு கைகளும் சும்மா இருந்தன. பஸ்ஸில் இருந்த பெண்ணுக்கு ஒரு கைகூட மிச்சமில்லை.

இரண்டு காலில் நடந்ததற்கு நாம் கொடுத்த விலையில் இது சின்னது. பெரிய விலை இடுப்பெலும்பில் இருக்கிறது. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த, நம் முன்னோடி இனத்தின் காலடிகளுக்கு 36 லட்சம் ஆண்டுக்கு மேல் வயது. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த ‘லூசி’ எலும்புக்கூட்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு. அப்போதே நிமிர்ந்து நடந்தாகிவிட்டது, மூளை மட்டும் ஏறக்குறைய சிம்பன்சி அளவுதான். நடைக்கேற்ப இடுப்பெலும்பு குட்டையாகி, கிண்ணம்போல் வளைந்த பிறகுதான் தலை பெருக்க ஆரம்பித்தது. அதனால் இன்றைக்கும் குழந்தை நேர்வழியில் வெளியே வர முடியாது. பிறப்புப் பாதையின் மேல்வாய் பக்கவாட்டில் அகலம், கீழ்வாய் முன்பின்னாக அகலம். குழந்தை திரும்பித் திரும்பி இறங்கி, பெரும்பாலும் தாயின் முதுகுப் பக்கம் முகம் வைத்துப் பிறக்கிறது. தாயே கை கொடுத்து இழுத்தால் குழந்தையின் முதுகு பின்னோக்கி வளையும் அபாயம் உண்டு. சிம்பன்சி பெரும்பாலும் தனியே ஒதுங்கிப் பெற்றுக்கொள்கிறது. மனிதப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கை தேவைப்பட்டது என்பது காரன் ரோசன்பெர்க், வெண்டா டிரெவாதன் என்ற இரண்டு மானிடவியலாளர்களின் வாதம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிரசவ அறையில் தனக்கு வேண்டிய ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதையும் ஒரு தாய்க்குக் காட்டும் சலுகையாக நான் பார்க்கவில்லை.

பிறந்த பிறகுதான் உண்மையான பாரம் தொடங்குகிறது. சிம்பன்சிக் குட்டி பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்த சிம்பன்சியின் மூளையில் சுமார் 40 சதவீதம் இருக்கும். நம் குழந்தைக்கு 30 சதவீதம்கூடக் கிடையாது. வழி குறுகல் என்பது மட்டும் காரணம் இல்லை, ஒன்பது மாதத்துக்கு மேல் கருவைச் சுமக்கத் தாயின் உடம்பில் சத்து போதாது என்று 2012இல் ஹோலி டன்ஸ்வொர்த் என்ற மானிடவியலாளரின் குழுவினர் எழுதினார்கள். எப்படியானாலும் மீதி மூளை வெளியே வந்துதான் வளர வேண்டும். ஐந்து வயதை ஒட்டி, உடம்பு ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அந்த வயதில் உடம்பு மெதுவாக வளர்வது அதனால்தான். “சாப்பிட்டது எங்கே போகிறதோ” என்று அம்மாயிகள் கேட்கும் கேள்விக்குப் பதிலும் அதுதான்.

இன்னும் ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் பெரியவரின் வாதம் நிற்காது. சிம்பன்சித் தாய் நான்கைந்து வருடம் பால் கொடுக்கிறது, அடுத்த குட்டிக்கு ஐந்தாறு வருடம் ஆகிறது. ஒராங்குட்டானுக்கு ஏழெட்டு வருடம்கூட ஆகும். பால் மறந்த குட்டி தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் மக்களிடையே தாய் மூன்று வயதுக்குள் பாலை நிறுத்தி, மூன்று நான்கு வருடத்தில் அடுத்ததைப் பெறுகிறாள். முதல் பிள்ளைக்கோ பால் மறந்தும் சோறு தேடத் தெரியாது. பதினெட்டு வயது வரைக்கும் தான் சாப்பிடும் அளவுக்குச் சம்பாதிக்காது. ஒன்று இடுப்பில், ஒன்று முந்தானையில், ஒன்று வாசலில் என்று ஒரே நேரத்தில் பல வயதுப் பிள்ளைகளைச் சுமக்கும் வாலில்லாக் குரங்கு மனுஷி மட்டும்தான். அவள் தனியாக இதைச் செய்ததே இல்லை.

செய்தது யார்? அப்படி வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் தான்சானியாவின் ஹட்சா மக்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ், அங்கே பாட்டிகள் ஓயாமல் உழைப்பதைக் கண்டார். கெட்டித் தரையில் ஆழமாகப் போகும் கிழங்கைச் சிறு பிள்ளையால் தோண்ட முடியாது. தாய் புதுக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூத்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்பைப் பொறுத்தே கூடியது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதற்கு இதுவே காரணம் என்றார் ஹாக்ஸ். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல இது. உகாண்டாவின் கிபாலே காட்டில் சில பெண் சிம்பன்சிகளும் மாதவிடாய் நிற்கும் வயதைத் தாண்டி வாழ்கின்றன என்று 2023இல் தெரியவந்தது. ஆனாலும் அங்கே பாட்டி பேரனுக்கு ஊட்டி வளர்ப்பதில்லை.

வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோமே, அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். உடம்பறிந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் “பாட்டி பார்த்துக்கொள்வாள்” என்று கைகழுவிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். அம்மாப்பேட்டையில் ஐம்பத்தைந்து வயதிலும் நெசவுக்குத் தார் சுற்றுகிற பெண்ணுக்கு முழங்கால் வலி இருக்கிறது, கூலியும் வேண்டியிருக்கிறது. தகப்பன்மார் எங்கே போனார்கள்? பிலிப்பைன்ஸின் செபு நகரில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், குழந்தையோடு தினமும் அதிக நேரம் இருந்த தகப்பன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. பிள்ளை வளர்க்க ஆண் உடம்பும் தயாராகத்தான் இருக்கிறது. சிம்பன்சித் தகப்பன் பிள்ளை தூக்குவதில்லை என்பதை நம் ஆண்கள் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரசாங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, மகப்பேறு விடுப்பையும் 26 வாரமாக்கியது. சேர்வராயன் மலையில் சின்னக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணுக்கும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண்ணுக்கும் இவற்றால் என்ன பயன்? அவர்கள் எந்த ஐம்பதிலும் வரமாட்டார்கள். பறிப்புக் காலத்தில் சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டி, பள்ளிக்குப் போக வேண்டிய அக்காவை ஆட்ட வைத்துவிட்டுத்தான் கூடையை எடுக்கிறார்கள். அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கிறது, பகல் முழுவதும் உட்கார இடம் இரண்டு வயதுக்குப் பிறகுதான். அந்த ஒன்றரை வருடத்துக்கும் இடம் வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறந்து, பறிப்பு முடியும்வரை மூடாமல், தூக்கிக்கொள்ளச் சம்பளத்துக்கு இரண்டு பெண்களை வைத்து, மலையில் ஊருக்கு ஒன்று வேண்டும். ஏற்காடு ஒன்றியத்தில் அடுத்த கிராமசபை கூடும்போது இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஊராட்சி உறுப்பினர்களிடம் பேச ஆரம்பித்திருக்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் நீங்களும் பேசுங்கள்.