அம்மிக்குப் பூ வைத்தவர்களிடம் ஒரு வார்த்தை

போன மாதம் சென்னையில் ஒரு ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வாசலில் 'பாரம்பரிய நெல்லை விருந்து' என்று பலகை. ஓட்டல் பெயர் வேண்டாம், பாவம், பிழைத்துப் போகட்டும். உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு அம்மியும் ஒரு ஆட்டுரலும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஆட்டுரல் குழிக்குள் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்திப் பூவை மிதக்கவிட்டிருந்தார்கள். என் மகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கல்லுக்குப் பூ வச்சிருக்கான் பாரு. ஆட்டுனவளுக்கு எவம்ல வச்சான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் சொதி வந்தது. மஞ்சள் நிறத்தில். தொட்டுக்கொள்ள ரொட்டி.

சொதி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சொதியில் மஞ்சளும் கிடையாது, புளியும் கிடையாது. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாம் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பும், வதக்கிய சின்ன வெங்காயமும் பூண்டும், அரைத்த இஞ்சி பச்சைமிளகாயும் சேரும். பிறகு இரண்டாம் பால். முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றியதும் கொதிக்க விடக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். ஆறு நிமிடம் போன் பேசப் போனால் திரிந்துவிடும். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. பக்கத்தில் இஞ்சித் துவையல் கட்டாயம், ஏனென்றால் அவ்வளவு தேங்காய்ப்பால் சும்மா செரிக்காது. உருளைக்கிழங்குக் காரக்கறியும் இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டோம். இலங்கை நண்பர்கள் இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற சொதி வேறு. அதில் மஞ்சள் உண்டு, தண்ணியாக இருக்கும், அவர்களுக்கு அது தினப்படிக் குழம்பு. எங்களுக்குச் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுகிற சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். ஓட்டல்காரர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போல. சரி, அது பெரிய குற்றமில்லை.

எனக்குக் கோபம் வந்தது சொதியால் இல்லை, வாசலில் இருந்த அந்தப் பூவால்தான்.

நான் வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கத்தில். தாமிரபரணித் தண்ணீர், கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போகம் நெல், வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தென்னை. தேங்காய்க்குப் பஞ்சமில்லை என்பதால் சமையலில் தேங்காய் இல்லாமல் எதுவும் நடக்காது. வீட்டில் பத்துப் பேர். சொதி என்றால் ஐந்து தேங்காய். சித்தி துருவியில் உட்கார்ந்து துருவுவாள். நாங்கள் நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஒரு பிடி ஒரு பிடியாகத் திருடுவோம். அம்மா ஆட்டுரலில் அரைப்பாள். ஆச்சி வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிவாள். பிழிந்த சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால், மறுபடி அரைத்து மூன்றாம் பால். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்கு இலை போடுவார்கள். முதலில் தாத்தா, அப்பா, சித்தப்பா, வந்திருக்கும் விருந்தாளி. அப்புறம் பிள்ளைகள். அப்புறம்தான் பெண்கள். அவர்கள் உட்காரும்போது மணி மூன்றாகியிருக்கும், சொதி ஆறி மேலே ஆடை கட்டியிருக்கும், அடியில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு இருந்தால் அதிர்ஷ்டம்.

இது எதுவும் எனக்கு அப்போது கண்ணில் படவில்லை. நான் என்ன, தேங்காய் திருடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்தது 1989 தீபாவளிக்கு. அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஆச்சி அதற்குத் திருநீறு பூசினாள். பழைய காலத்து மனுஷி, புதுச்சாமானை எதிர்ப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? அதைப் போட்டு முதல் துவையல் அரைத்ததே அவள்தான். எதிர்த்தது தாத்தா. "ருசி செத்துப் போச்சு" என்று தட்டைத் தள்ளினார். ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதல் எங்களுக்குத் துவையல், தாத்தாவுக்கு மட்டும் மோரும் ஊறுகாயும். ஐந்தாவது நாள் அவரே, "அந்தத் துவையல்ல கொஞ்சம் வை" என்றார். அம்மி தொழுவத்துக்குப் போனது. தீவனச் சாக்கு பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்தார்கள்.

ஆக, முகநூலில் 'அம்மியில் அரைத்த அந்த ருசி வருமா' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் ஒன்று கேட்கத் தோன்றும்: நீங்கள் அரைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. சாப்பிட்டிருப்பீர்கள். 'அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ' என்று தெருவில் குரல் வரும், நினைவிருக்கும். கல் வழவழப்பாகிவிட்டால் உளியால் கொத்திக் கரடாக்க வேண்டும். கொத்திய அன்று தவிட்டையும் உப்பையும் போட்டு அரைத்து வழித்தெறிந்தாலும் மறுநாள் சட்னியில் பல்லில் மண் நெறிபடும். அதைப்பற்றி யாரும் ஏங்கி எழுதக் காணோம்.

நியாயமாகவும் பேச வேண்டும். ருசியில் வித்தியாசம் உண்டா என்றால் உண்டு. மிக்ஸி வெட்டுகிறது, அம்மி நசுக்குகிறது. எள்ளுத் துவையலில் அது நன்றாகத் தெரியும். அம்மியில் இழுக்க இழுக்க எள்ளிலிருந்து எண்ணெய் கசிந்து துவையலே பளபளவென்று வரும். மிக்ஸியில் சூடேறி ஒரு கசப்புத் தட்டும், நிறுத்தி நிறுத்தி ஓட்டினால்தான் சரியாக வரும். ஆனால் தேங்காய்ப்பாலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். எள்ளுத் துவையலுக்கு அம்மிதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கிப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே குத்தவைத்து உட்கார்ந்து இழுங்கள். நான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

நெல்லைச் சமையலின் கதையை ஒழுங்காக எழுதினால் அதில் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். 1955 வாக்கில் அங்கே சபாபதி என்பவர்தான் ஆட்டுரலை மோட்டாரில் சுற்ற வைத்தார். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அப்புறம் 2011-ல் அரசாங்கம் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது எத்தனை கேலி! ஓட்டுக்கு லஞ்சம் என்றார்கள், சோம்பேறியாக்குகிறார்கள் என்றார்கள். அரசியல் கணக்கு இல்லாமல் இல்லை. ஆனால் கேலி செய்தவர்களில் ஒருவர்கூட ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு படி அரிசிக்கு மாவு ஆட்டியவராக இருக்க மாட்டார். எங்கள் தெருவில் வயல் வேலைக்குப் போய்வந்த மதினிமார்கள் அந்தக் கிரைண்டரை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். திருநெல்வேலி என்றால் உடனே அல்வா என்கிறார்கள். அல்வா கடைப்பண்டம், சாமி. எங்கள் வீட்டில் யாரும் கிண்டியதில்லை. யாராவது டவுனுக்குப் போனால் கால் கிலோ வரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்குள் வாழ்ந்தது உளுந்தஞ்சோறு.

தொலி உளுந்து, அதாவது தோல் நீக்காத கருப்பு உடைத்த உளுந்து. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு. உளுந்தை லேசாக வறுத்து, அரிசியோடு கழுவி, இருபது பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. எல்லாம் ஒரே பானையில். குழையவும் கூடாது, விறைக்கவும் கூடாது. தட்டில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றி, எள்ளுத் துவையலைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கறி தின்கிற வீடுகளில் கோழிக்குழம்போ கருவாட்டுக் குழம்போ ஊற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்த மத்தியானம். சீயக்காய் எரிச்சல் கண்ணில் இருக்கும், வயிறு பற்றிக்கொண்டு பசிக்கும், அந்த நேரத்தில் சூடாக இந்தச் சோறு. சாப்பிட்டதும் எங்கே உட்கார்ந்திருக்கிறோமோ அங்கேயே தூக்கம்.

இதை எந்தப் பெரிய ஓட்டலிலும் பார்க்க முடியாது. காரணம் அதன் நிறம். பார்க்க அழுக்குச் சாம்பல் மாதிரி இருக்கும். முதல்முறை அலுவலகத்துக்கு டப்பாவில் எடுத்துப் போனபோது தஞ்சாவூர்க்கார நண்பர் எட்டிப் பார்த்து, "அடிப்பிடிச்சிருச்சா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். ஒரு வாய் கொடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை அவரே ஞாபகப்படுத்துகிறார். இன்னொரு வேடிக்கை, இதில் அரைக்க வேண்டியது துவையல் மட்டும்தான். குக்கரில் நாலு விசில். எங்கள் ஊர்ச் சாப்பாட்டிலேயே பெண்களை அதிகம் வதைக்காத சாப்பாடு இதுதான், அதனால்தானோ என்னவோ யாரும் இதைப் 'பாரம்பரிய விருந்து' என்று தூக்கிவைத்து ஆடுவதில்லை.

உளுந்தில் இன்னொன்று களி. அக்கா வயதுக்கு வந்தபோது தினமும் காலையில் உளுந்தங்களி, கருப்பட்டிப் பாகில் கிண்டி நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். எனக்குக் கரண்டியில் ஒட்டியது மட்டும். "பொம்பளப் பிள்ளைக்கு இடுப்பு எலும்புக்குல, ஒனக்கு எதுக்கு?" என்பாள் ஆச்சி. அக்கா அழுதுகொண்டே தின்பாள், நான் கிடைக்காமல் அழுவேன். அந்த இடுப்பு எலும்பு எதற்காக உறுதியாக வேண்டியிருந்தது என்று இப்போது யோசித்தால் பாதி அந்த ஆட்டுரலுக்குத்தான் என்று தோன்றுகிறது.

கருப்பட்டி என்றதும் உடன்குடியைச் சொல்லாமல் போனால் தூத்துக்குடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, பெரிய சட்டியில் மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி எடுப்பது. வேகாத வெயிலில் மரம் ஏறுகிறவரைப் பற்றியும், அடுப்படியில் புகையில் நின்று காய்ச்சுகிற அவர் வீட்டம்மாவைப் பற்றியும் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்று சீனி கலக்காத கருப்பட்டிக்கு விலை அதிகம் என்று முணுமுணுக்கிறோம். அந்த உழைப்புக்கு அது அதிகமில்லை. திருக்கார்த்திகைக்கு அந்தக் கருப்பட்டியில்தான் ஓலைக் கொழுக்கட்டை. அரிசி மாவு, தேங்காய், சுக்கு, வறுத்த சிறுபயறு பிசைந்து பனங்குருத்தோலைக்குள் அடைத்துக் கட்டி அவிப்பது. கொழுக்கட்டையை விட, பிரிக்கும்போது ஓலையிலிருந்து வருகிற வாசம்தான் எனக்குக் கார்த்திகை.

கூட்டாஞ்சோறு பற்றிப் பேசினால் நீளும். ஒரே வார்த்தை: அது சாம்பார் சாதமும் இல்லை, பிசிபேளாபாத்தும் இல்லை. பட்டை கிராம்பு போட்டால் அது வேறு ஏதோ. சீனி அவரைக்காய், கத்தரிக்காய், மாங்காய், கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. கூழ்வத்தல் பொரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சுண்டக்கறியை விட முடியாது. விசேஷ வீட்டில் மிஞ்சிய சாம்பார், அவியல், பொரியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டிச் சுண்ட வைப்பது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சூடு பண்ணப் பண்ண ருசி கூடும். பழைய சோற்றுக்கு அதைவிட ஒன்று கிடையாது. நாங்கள் போட்டி போட்டுத் தின்போம். ஆனால் அது யாருக்காகப் பிறந்த கறி? எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டிகளில் மிஞ்சியதைத் தின்ன வேண்டியவர்கள், அதையும் ருசியாகத் தின்னக் கண்டுபிடித்த வழி அது.

அந்த ஓட்டலுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு நான் சொதி வைத்தேன். தேங்காயை மிக்ஸியில் அடித்து, பழைய வேட்டித்துணியில் பிழிந்து, பால் மூன்றும் எடுத்தேன். போன தீபாவளிக்கு முயன்றபோது முதல் பாலைக் கொதிக்கவிட்டுத் திரித்துவிட்டேன். இந்த முறை அடுப்பை விட்டு நகரவில்லை. மகள் இஞ்சி தோல் சீவினாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பன்னிரண்டரைக்கே அம்மாவை உட்காரச் சொல்லி இலை போட்டோம். "நீங்க எல்லாரும் சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். மகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஆவி பறக்கிற சொதியை ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தாள். விரல் சுட்டது போலிருக்கிறது, கையை உதறினாள். இரண்டாவது வாய்க்கு இஞ்சித் துவையலைத் தொட்டாள்.

"துவையல்ல உப்பு காணாது. எல, நின்னுக்கிட்டே இருக்கியே, அந்த உருளக்கிழங்க வை."