ஐந்து நிமிடத்தில் ஹெட்போன் வாங்காதீர்கள்

ஏர்கோன் போட்ட கடையில் மாட்டிப் பார்த்து, ஒரு குத்துப்பாட்டைப் பாதி கேட்டு, "பேஸ் நல்லா இருக்கு அண்ணே" என்று காசைக் கொடுப்பது சுங்கை சிப்புட் பக்கம் மட்டுமில்லை, எல்லாத் தோட்டத்துப் பட்டணங்களிலும் நடக்கிறது. காதை முழுசாக மூடும் ஹெட்போனுக்கு அந்த ஐந்து நிமிடம் போதவே போதாது. மாட்டுவதற்குச் சுகமா, பாட்டு நன்றாகக் கேட்கிறதா என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே தப்பு என்பது என் கட்சி. குஷன் காதைச் சுற்றி ஒழுங்காக ஒட்டவில்லை என்றால் முதலில் காணாமல் போவது பேஸ் என்கிற அந்த அடியொலிதான்.

இதைச் சோதிப்பது சுலபம். தவிலோ பேஸ் கிட்டாரோ நன்றாக ஒலிக்கும் இடத்தில் இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால், கையை எடுத்ததும் அது எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியின் கம்பிதான் காரணம். ஜிமிக்கி, காதோரம் தடித்த முடி, தாடை எலும்புக்குப் பின்னால் உள்ள குழி, இவையும் இடைவெளி விடும். ஆகவே தினமும் போடும் கண்ணாடி, தோட்டோடு போய்ச் சோதியுங்கள். பேஸ் ஒழுகும் ஹெட்போனில் ஆட்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

அடுத்தது காது நுழையும் குழி. வீட்டிலேயே காதின் உயரத்தை அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். குழியின் உள்ளளவு அதைவிடச் சிறிதாக இருந்தால் குஷன் காது மடல் மேலேயே உட்காரும். ஆழமும் முக்கியம். காது நுனி உள்ளே இருக்கும் துணியைத் தொட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, அரை மணி நேரத்தில் சுருக்கென்று குத்தும்.

வலி எங்கே வருகிறது என்று கவனியுங்கள். உச்சந்தலையில் வலித்தால் எடையும் மேல்பட்டையும் காரணம். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவில். இரண்டு மணி நேரம் மாட்டியிருந்தால் அந்த வித்தியாசம் கழுத்துக்குத் தெரியும். நெற்றிப்பொட்டிலும் காதுக்குக் கீழேயும் வலித்தால் பிடி இறுக்கம். பட்டைக்குள் இரும்புத் தகடு இருந்தால், தலையைவிடக் கொஞ்சமே அகலமான புத்தக அடுக்கில் ஓர் இரவு மாட்டி வைக்க, பிடி தளரும். முழுப் பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வருவோம். கடையில் குளுகுளுவென்று இருந்த செயற்கைத் தோல், காத்தாடி மட்டும் ஓடும் வீட்டில் இருபது நிமிடத்தில் காதை வேர்வையில் நனைத்துவிடும். வெல்வெட் மாதிரியான துணிக் குஷன் காற்று விடும். ஆனால் அதே ஹெட்போனில் தோலைக் கழற்றித் துணி போட்டால் பேஸ் சற்றுக் குறையலாம்.

ஒலிக்கு வந்தால், முதல் விதி சத்தத்தைச் சமப்படுத்துவது. இரண்டு ஹெட்போனில் கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். காது எல்லோரையும் இப்படித்தான் ஏமாற்றும். மின்னல் எஃப்எம் அறிவிப்பாளர் குரலை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் கீழ்ச் சுருதி வீங்கியிருக்கிறது. "ச", "ஸ" ஒவ்வொன்றும் ஊசியாய்க் குத்தினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கலாக இருக்கிறது.

பிறகு மோனோவில், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி, பதிவான பழைய பாட்டு ஒன்று. குரல் நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனில், அல்லது பதிவில். மாறாவிட்டால் காதில்.

நாதஸ்வரம் கட்டாயம். மேல் ஸ்தாயியில் போகும்போது முகம் சுளித்தால் அந்த ஹெட்போன் வேண்டாம். உருமி மேளம் இன்னும் கடுமையான பரீட்சை: வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த முனகல் மேலும் கீழும் நெளிவது தெளிவாகக் கேட்க வேண்டும். மலிவான ஹெட்போனில் அது வெறும் "பூம்" ஆகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் "40 மில்லிமீட்டர் டிரைவர்" (கப்புக்குள் ஒலி எழுப்பும் பாகம்), "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" இரண்டும் இதைச் சொல்லாது.

இரைச்சலை அடக்கும் வசதி காத்தாடிக்கும், ஈப்போ பஸ் எஞ்சினுக்கும் நன்றாக வேலை செய்யும். தகரக் கூரையில் கொட்டும் மழைக்கும் பக்கத்து வீட்டுப் பேச்சுக்கும் அவ்வளவாக உதவாது. அங்கே காப்பது குஷனின் ஒட்டுதல். புளூடூத்தில் பாட்டு அருமையாக இருந்து, இணைய வகுப்பில் மைக்கைத் திறந்ததும் பழைய டெலிபோன் மாதிரி ஆனால் பழுது என்று நினைக்காதீர்கள். அழைப்பு முறைக்கு மாறும்போது ஒலி மோனோவாகி, தரமும் இறங்கும். கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

காசு கொடுப்பதற்கு முன் மாற்றுக் குஷன் கிடைக்குமா என்று கேளுங்கள். செயற்கைத் தோலின் பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் சிதையும். ஓரிரு வருடத்தில் கறுப்புச் செதில்கள் கன்னத்தில் ஒட்டும். கழற்றி மாட்ட முடியாதபடி குஷனை ஒட்டிவைத்திருந்தால், எவ்வளவு நல்ல ஒலியாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, வேர்வை காய்ந்த பிறகே பைக்குள் வையுங்கள்.