பூ தூவியது போதும், ஷட்டரைக் காட்டுங்கள்

வருஷா வருஷம் கல்லணை திறக்கும்போது டிவியில் என்ன வருகிறது? அமைச்சர்கள் பூவும் நெல்மணியும் தூவுவார்கள். ட்ரோன் ஒரு சுற்றுச் சுற்றும். கரிகாலன், அதிசயம், தமிழன் பெருமை என்று பின்னணிக் குரல் உருகும். அவ்வளவுதான். அந்த அணை அங்கே எதற்கு என்று ஒரு சேனலாவது சொல்லி நான் பார்த்ததில்லை.

கேட்டால், பொறியியல் பேசினால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்களாம். சீரியலை எதற்காக உட்கார்ந்து பார்க்கிறோம்? அடுத்து என்ன ஆகுமோ என்கிற பதைப்புக்காகத்தானே. அது கல்லணையில் இல்லையா? முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவந்து இங்கே மறுபடி நெருங்குகின்றன. காவிரி மேடு, கொள்ளிடம் பள்ளம். விட்டால் தண்ணீர் பள்ளத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும், திருவாரூரிலும் நாகையிலும் வயல் வெடித்துக் கிடக்கும். சரி, தடுக்கலாம் என்றால் ஆற்றுக்கு அடியில் பாறை கிடையாது, வெறும் மணல். கல்லைப் போட்டால் புதைகிறது. புதையட்டும் என்று விட்டு, அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கினால் இன்னொன்று, இடையில் களிமண். இனி இறங்காது என்கிற வரைக்கும்.

இதை 19-ம் நூற்றாண்டில் வந்து பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இங்கேதான் கற்றுக்கொண்டோம் என்று எழுதிவைத்தார். 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார், அப்புறம் கோதாவரிக்கே அணை கட்டப் போனார். இதற்குமேல் என்ன கதை வேண்டும்?

நம் சேனல்களுக்குப் பிடித்த சொல் 'மர்மம்'. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் என்றால் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். அந்த நிழலில் துண்டை விரித்துப் புளியோதரை சாப்பிட்டவர்களே வீட்டுக்கு வந்து டிவியில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள்! 1010-ல் கிரேன் இல்லாமல் இருநூறு அடிக்கு மேல் எப்படிக் கல்லை ஏற்றியிருப்பார்கள், சாரமா, சாய்வான மண்பாதையா என்று ஒரு மணி நேரம் பேசலாம். மர்மம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

டெல்டாவில் இதையெல்லாம் சொல்லத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் பக்கத்து ரெகுலேட்டரில் (தண்ணீரை அளந்து திறந்துவிடும் மதகு) ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரான லஸ்கர் ஒருவரிடம், வெள்ளம் வரும்போது ஒரே ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்டேன். "ஐயையோ தம்பி, ஒரே இடத்துல அடிச்சா அடியில பறிச்சிடும். எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தூக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ராட்டையைச் சுற்றிக் காட்டினார். கிரீஸ் படிந்த பல்சக்கரம் நறநறவென்று திரும்ப, ஷட்டர் விரற்கடை அளவுக்கு ஏறியது. மறுபக்கம் தண்ணீர் நுரைத்துச் சீறியது. கேமராவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கூடவே ஓர் உதவிப் பொறியாளரை நிறுத்தி, எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று யார், எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டால் அரை மணி நேர நிகழ்ச்சி தயார். இதற்கு கிராபிக்ஸும் வேண்டாம், பிரபல நடிகரின் குரலும் வேண்டாம்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒரே இரவில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டபோது ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பார்வையாளர் இல்லை என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் பார்த்த சேனல்களில் விடிய விடிய ஓடியது யார் ராஜினாமா செய்ய வேண்டும் என்கிற சண்டை. மதகுக்கு அடியில் மணல் அரித்தால் மேலே இருக்கிற தூண் என்ன ஆகும் என்பதை ஒரு வாளி மணலையும் நான்கு செங்கல்லையும் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவிலேயே காட்டியிருக்கலாம். எந்தச் சேனலாவது இப்படி ஒரு தொடர் எடுக்க முன்வந்தால், முதல் பகுதியை முக்கொம்பில் வைத்து எடுங்கள். லஸ்கர்களைப் பேச வைப்பது என் பொறுப்பு.