அத்தானின் குரலும் ‘காப்ரிகா’வும்

சென்ற தை மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். பெரியம்மா மகளின் மகளுக்கு. மணப்பெண்ணின் தந்தை, அதாவது என் அத்தான், காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வரவேற்பின் நடுவில் மண்டபத்து விளக்குகளைக் குறைத்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அத்தான் தோன்றினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பழைய புகைப்படங்களையும், யாருடைய கைப்பேசியிலோ மிஞ்சியிருந்த குரல் பதிவுகளையும் கொடுத்துச் செயற்கை நுண்ணறிவால் செய்துவாங்கிய காணொளி. மகளை வாழ்த்தினார். மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து, கலங்காதே, உன்னோடுதான் இருக்கிறேன் என்றார். மண்டபமே அழுதது. நானும் அழுதேன்.

அக்கா அழவில்லை. கடைசிப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “உன் அத்தான் ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.”

உண்மைதான். மகளின் பெயரைச் சொல்லித்தான் அக்காவையும் அழைப்பார். எந்தக் குரலுக்கு மகள் போக வேண்டும், எந்தக் குரலுக்கு அக்கா போக வேண்டும் என்பது அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும். அது எந்தப் பதிவிலும் ஏறாத விஷயம்.

அன்றிரவு ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ‘காப்ரிகா’ நினைவுக்கு வந்தது. 2010-இல் அமெரிக்காவின் சைஃபை தொலைக்காட்சியில் ஒரே ஒரு சீசன் ஓடி நிறுத்தப்பட்ட அறிவியல் புனைவுத் தொடர். மொத்தம் 18 அத்தியாயங்கள். திரும்பவும் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கதையின் கடைசி வரை பேசப்போகிறேன். முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ 1978-இல் வந்த தொடர். அதை ரொனால்ட் டி. மூரும் டேவிட் ஐக்கும் 2003-இல் புதிதாக எடுத்தார்கள். மனிதர்கள் படைத்த சைலான் என்னும் இயந்திரங்கள், மனிதர்கள் வாழும் பன்னிரண்டு உலகங்களையும் அணுகுண்டு வீசி அழிக்கின்றன. தப்பிய ஐம்பதாயிரம் பேர் கப்பல்களில் விண்வெளியில் ஓடுகிறார்கள். அந்த அழிவுக்கு 58 ஆண்டுகளுக்கு முன்னால் நடப்பது ‘காப்ரிகா’. அந்த உலகங்களின் பெயர்கள் ராசிகளிலிருந்து வந்தவை. காப்ரிகா என்றால் மகரம், டாரான் என்றால் ரிஷபம், ஜெமினான் என்றால் மிதுனம். முதல் சைலான் எப்படிப் பிறந்தது என்பதுதான் கதை. அது ஆய்வகத்தில் பிறப்பதற்கு முன்பே ஒரு சாவு வீட்டில் பிறந்துவிட்டது என்று மூரும் ரெமி ஒபுஷோனும் எழுதினார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே இருவரையும் நான் கொண்டாடுவேன்.

ஸோயி கிரேஸ்டோனுக்கு வயது 16. காப்ரிகாவின் பெரும் பணக்காரரும் கணினி மேதையுமான டேனியல் கிரேஸ்டோனின் மகள். அவளுடைய காதலனே ரயிலில் குண்டை வெடிக்கச் செய்கிறான்; ஸோயி சாகிறாள். அதே ரயிலில் ஜோசப் அடாமா என்ற வழக்கறிஞரின் மனைவியும் மகள் தமாராவும் இறக்கிறார்கள். இந்த ஜோசப்பின் மகனாகத்தான் பிற்காலத்தில் கலாக்டிகா கப்பலின் தலைவர் வரப்போகிறார். ஒரே துக்கத்தில் இரண்டு தகப்பன்கள், பழக்கமில்லாதவர்கள், அறிமுகமாகிறார்கள்.

ஆனால் ஸோயி இறப்பதற்கு முன்பே மெய்நிகர் உலகத்தில் தன்னைப் போலவே ஒருத்தியைப் படைத்து வைத்திருந்தாள். எப்படி? மனித மூளையில் இருப்பது ஏறக்குறைய 300 மெகாபைட் தகவல்தான் என்று அந்த நகல் ஸோயி விளக்குகிறாள். அதை மூளைக்குள் போய் எடுக்க வேண்டியதில்லை. வெளியிலேயே சிதறிக் கிடக்கிறது. மருத்துவப் பதிவுகள், பள்ளிச் சான்றுகள், மின்னஞ்சல்கள், உணவகப் பில்கள், சினிமா டிக்கெட்டுகள், கேட்ட பாடல்களின் பட்டியல். எல்லாவற்றையும் சேர்த்தால் ஆள் வந்துவிடுகிறது. முதல் அத்தியாயம் டிவிடியாக வெளிவந்தது 2009 ஏப்ரலில். அப்போது இது வெறும் கதைச் சரடு. இன்று அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கையிலிருந்த தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

டேனியல் அந்த நகலைக் கண்டுபிடிக்கிறார். அதை ஒரு ரோபோவின் உடலுக்குள் ஏற்றிவிட்டால் மகள் திரும்பிவிடுவாள் என்று நம்புகிறார். அதற்கு வேண்டிய சில்லு டாரான் உலகத்தில் ஒரு போட்டி நிறுவனத்திடம் இருக்கிறது. அதைத் திருட ஜோசப்பின் துணையை நாடுகிறார். கூலி, உன் மகளையும் உனக்குத் திருப்பித் தருகிறேன் என்ற வாக்கு. அப்படி அவர் மெய்நிகர் உலகத்தில் எழுப்பும் தமாரா இருட்டறையில் கண் விழிக்கிறாள். தன் இதயம் துடிப்பது தனக்குத் தெரியவில்லை என்று அப்பாவிடம் கதறுகிறாள். ஜோசப் அரண்டு ஓடுகிறார். இது தகாது, அழித்துவிடு என்கிறார். ஜோசப்பாக நடித்த ஏசாய் மொராலெஸ் அந்தக் காட்சியில் முகத்தை வைத்திருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. மகளைக் கண்ட மகிழ்ச்சியும் பிணத்தைத் தொட்ட அருவருப்பும் ஒரே முகத்தில்.

டேனியல் ரோபோவில் மகளை ஏற்றும்போது இயந்திரம் சரிந்து விழுகிறது. மகளை இரண்டாம் முறையும் இழந்துவிட்டதாக நினைக்கிறார். உள்ளே அவள் உயிரோடு இருக்கிறாள், வாய் திறக்கவில்லை. ஆய்வகக் காட்சிகளில் கேமரா ஒரு முறை இரும்பு உடலைக் காட்டும், அடுத்த நொடி அதே இடத்தில் நிற்கும் சிறுமியைக் காட்டும். விலை குறைந்த உத்தி, ஆனால் நெஞ்சை அறுக்கும் உத்தி. நிறுவனத்தின் இயக்குநர் கூட்டத்தில் டேனியல் அந்த ரோபோவை நிறுத்தி, உன் கையைப் பிய்த்து எறி என்று கட்டளையிடுகிறார். அது பிய்த்து எறிகிறது. களைக்காத, கூலி கேட்காத, சொன்னதைச் செய்யும் அடிமை இனம் ஒன்றை அவர் அங்கே விற்கிறார். தன் மகளின் கையைத்தான் பிய்க்கச் சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாது. பின்னொரு அத்தியாயத்தில் சந்தேகம் வந்து, சிறுவயதில் தீ விபத்தால் ஸோயிக்கு ஏற்பட்ட நெருப்புப் பயத்தைக் கொண்டே ரோபோவைச் சுற்றித் தீ வைத்துச் சோதிக்கிறார். அவள் அசையாமல் நிற்கிறாள். அப்பாவிடம் அகப்பட அவளுக்கு விருப்பமில்லை. அன்பு என்று டேனியல் நினைப்பது முழுக்க உடைமையாகிவிட்டதை இந்த அரை மணி நேரத்தைப் போல வேறு எந்தத் தொடரும் எனக்குக் காட்டியதில்லை.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை இருக்கிறது என்று முன்கதைத் தொடர்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நம் கூத்தில் விடிய விடியக் கர்ணன் மோட்சம் பார்க்கிறவர்களில் கர்ணன் சாவது தெரியாதவர் எவர்? தெரிந்துதான் பாய் விரித்து உட்காருகிறோம். டேனியல் மகளுக்காகக் கண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும், இந்தக் கண்ணீரிலிருந்துதான் பன்னிரண்டு உலகங்களின் சாவு புறப்படுகிறது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கலாக்டிகாவில் என்னதான் போர் நடந்தாலும் இந்தக் கனம் கிடைக்கவில்லை.

அப்படியும் இந்த எழுத்தாளர்கள் நமக்குத் தெரிந்ததையே வைத்து நம்மை ஏமாற்றினார்கள். ஜோசப்பின் மகன் சிறுவன் வில்லியமைப் பார்த்து, இவன்தான் நாளைய தளபதி, இவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தோம். இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவன் சுடப்பட்டு இறக்கிறான். தளபதி வில்லியம் அடாமா, அவனுக்குப் பிறகு பிறந்து அவன் பெயரையே தாங்கிய தம்பி. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் வீடுகளிலும் உண்டு. ஒரு தகப்பன் இறந்தவளை இயந்திரத்தில் ஏற்றினார். இன்னொரு தகப்பன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். இதைத் தொடரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்த பகுதி பிற்பாதியில் வருகிறது. டேனியலின் நிறுவனம் ‘கிரேஸ்’ என்ற பெயரில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரத் திட்டமிடுகிறது. இறந்த உறவினரை மெய்நிகர் உலகத்தில் உங்களுக்குத் திருப்பித் தருவோம் என்பது அதன் விளம்பரம். அதைச் செம்மைப்படுத்த, டேனியல் தன் மனைவி அமாண்டாவின் நகலைச் செய்து பார்க்கிறார். அமாண்டா உயிரோடுதான் இருக்கிறாள், வீட்டை விட்டுப் போய்விட்டாள். நகல் அழகாகப் பேசுகிறது, அன்பாகச் சிரிக்கிறது. டேனியல் திருத்துகிறார், மறுபடி திருத்துகிறார், கடைசியில் அதன் மீது கத்துகிறார். அவருடைய மனைவி அவரை எதிர்த்து நின்ற விதம் எந்தத் தகவலிலும் கிடைக்கவில்லை. ஸோயியின் நகல் மட்டும் ஏன் உயிரோடு வந்தது? அவள் தன்னைத் தானே எழுதினாள். மற்றவர்களை, அவர்களை இழந்தவர்களின் ஆசை எழுதியது.

என் அத்தானையும் எங்கள் ஆசைதான் எழுதியது. பெயர் பதிவில் இருந்தது, ஆகவே பெயர் சொல்லி அழைத்தார்.

2020 பிப்ரவரியில் தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி, இறந்த ஏழு வயதுக் குழந்தையை மெய்நிகர் காட்சியில் தாய்க்கு எதிரே நிறுத்தி ஒளிபரப்பியது. 2024-இல் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒரு பாடலில் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். அது நேர்மையான வழி என்றே நினைக்கிறேன். இருந்தும், அனுமதி தர வேண்டியவர் இறந்தவரா, இருப்பவரா என்ற கேள்வி என்னை விடவில்லை. அத்தானைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? புகைப்படத்துக்கு நிற்கவே கூச்சப்படுவார்.

தொடரில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் ஏழெட்டு இழைகளைப் பிடித்தார்கள். பல கடவுள்களை வணங்கும் சமூகத்தில் ஒரே கடவுள் என்பவர்கள் தலைமறைவுத் தீவிரவாதிகளாக இருப்பது அருமையான கற்பனை. அவர்களில் ஒருத்தியான கிளாரிஸின் வீட்டில் நீளும் சதிகள் அதை நீர்த்துப்போகச் செய்தன. அமாண்டாவின் இறந்த சகோதரன் அவள் கண்ணுக்குத் தெரியும் பகுதியை முழுவதுமாக வெட்டியிருக்கலாம். ஆனால் டாரான் அகதிகளின் வாழ்க்கையை நீக்கச் சொன்னால் சண்டைக்கு வருவேன். உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்து காப்ரிகாவுக்கு வந்த சகோதரர்கள். மண் தின்னிகள் என்று ஏசப்படுபவர்கள். அண்ணன் ஜோசப், அடாமா என்ற குடும்பப் பெயரை ஆடம்ஸ் என்று மாற்றிக்கொண்டு நீதிமன்றம் போகிறார். தம்பி சாம் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு தன் மொழியில் பேசுகிறான். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் பார்த்தால் இந்த இருவரையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தொலைக்காட்சி நிறுவனம் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2010 ஜனவரி 22 அன்று தொடங்கி, மார்ச் மாதக் கடைசியில் பாதியில் நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி. வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாற்றி அக்டோபரில் மீண்டும் தொடங்கினார்கள். துக்கத்தைப் பற்றிய மெதுவான கதையை அரை வருடம் கழித்து வேறொரு நாளில் தேடிக்கொண்டு யார் வருவார்? பார்வையாளர் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே போனது. அக்டோபர் 27-ஆம் தேதி தொடரை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மீதமிருந்த ஐந்து அத்தியாயங்களையும் 2011 ஜனவரி 4 அன்று அடுத்தடுத்து ஒளிபரப்பிக் கணக்கை முடித்தார்கள். விண்கப்பல் சண்டையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்ததும் உண்மை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கலாக்டிகா என்ற பெயரைச் சொல்லித்தானே அழைத்தார்கள்.

ஒரே ஒரு காட்சியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மகளின் நகலை அழித்துவிடு என்ற ஜோசப், பிறகு மனம் மாறி, மெய்நிகர் உலகத்தில் ஒரு விளையாட்டு நகரத்தில் அலையும் தமாராவை இரவு பகலாகத் தேடுகிறார். போதைக்கும் பழகிவிடுகிறார். இந்த நகரத்தில் ஒரு முறை செத்தால் திரும்ப நுழைய முடியாது. தமாராவுக்கு மட்டும் சாவே இல்லை. கடைசியில் அப்பாவைக் கண்டதும், அவர் தன் பின்னால் வந்து வாழ்க்கையைத் தொலைப்பதைத் தடுக்க, அவரைத் துப்பாக்கியால் சுட்டு வெளியே அனுப்புகிறாள்.

திருமணமான அக்கா மகளுக்கு இந்தத் தொடரைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். நேற்று இரவு தொலைபேசியில் அழைத்தாள். நான்கு அத்தியாயம் முடித்திருக்கிறாள். மற்ற எதையும் கேட்கவில்லை. “மாமா, தமாராவின் அப்பா அவளைத் தேடி வருவாரா?” என்று மட்டும் கேட்டாள்.

வருவார் என்றேன்.