சாயத்துக்கு இருக்கிற மரியாதை கண்ணுக்கு இல்லைங்க

எல்.இ.டி. லைட்டைக் குறை சொன்னா உடனே வர்ற பதில், "கரண்டு பில்லு எவ்வளவு கொறஞ்சிருக்கு பாத்தீங்களா?" கொறஞ்சது நெசந்தானுங்க. 60 வாட் குண்டு பல்பு குடுத்த வெளிச்சத்தை இப்ப 9 வாட்ல வாங்கறோம். அதுல எனக்குச் சண்டை இல்லை. கண்ணு கூசுது, அதைப் பத்திப் பேசலாம்னுதான் எழுதறேன்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல நிக்கிற அக்காங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. வெள்ளைத் துணி, உச்சந்தலைக்கு நேரா மூடியில்லாத வெள்ளை லைட்டு. ஓட்டை, கறை, நூல் விட்டதுன்னு பொழுதுக்கும் தேடணும். சாயங்காலம் நெத்திப்பொட்டு வலிக்குதுன்னா "ராத்திரி நேரத்துல தூங்குங்க"ம்பாங்க. இதே ஊர்லதான் ஷேடு, அதாவது சாய நிறம் சரியா வந்திருக்கான்னு பாக்கறதுக்குன்னு லைட் பாக்ஸ் வெச்சிருக்கோம். டி65ல (பகல் வெளிச்சம் மாதிரி) பாரு, டிஎல்84ல (கடை லைட்டு மாதிரி) பாருன்னு துணி வாங்கற பையர் கேக்கறதுக்கெல்லாம் தலையாட்டறோம். சாயத்துக்கு எந்த வெளிச்சம்னு இத்தனை கணக்கு. அந்தத் துணியைப் பாக்கற கண்ணுக்கு எந்த வெளிச்சம்னு எந்த முதலாளியும் கேட்டு நான் பாத்ததில்லை.

கூசறது ஒண்ணு, துடிக்கிறது இன்னொண்ணு. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதனால வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கப் பாக்கும். குண்டு பல்புல கம்பி சூடு ஆறறதுக்குள்ள அடுத்த ஏத்தம் வந்துரும், அதனால பெருசாத் தெரியாது. எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை கிடையாது, கரண்டு எறங்கினா அதுவும் அப்பவே மங்கிரும். அதைச் சமாளிக்கத்தான் உள்ளே டிரைவர்னு, கரண்டைச் சீராக்கிக் குடுக்கற சர்க்யூட்டு இருக்கு. மட்டமான லைட்டுல அந்த டிரைவர்லதான் காசை மிச்சம் புடிப்பாங்க. துடிப்பு கண்ணுக்கு நேராத் தெரியாது. ஆனா சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் வந்துரும். செல்போன் கேமராவை லைட்டுகிட்டக் கொண்டுபோனீங்கன்னா, துடிக்கிற லைட்டுல பல சமயம் பட்டை பட்டையா கோடு ஓடும். (சோக்கு வெச்ச பழைய டியூப்லைட்டும் துடிச்சதுதான். அதை நல்லவனாக்க நான் வரலை.)

நீல வெளிச்சம் கண்ணைக் குருடாக்கும்னு வாட்ஸ்அப்ல சுத்தறதை நான் நம்பலை. வீட்டு பல்புல அவ்வளவு வீரியம் இல்லை. ஆனா படுக்கற ரூம்ல 6500 கெல்வின் வெள்ளை லைட்டு எதுக்குங்க? (கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நிறத்துக்கு அளவு. நம்பர் ஏற ஏற நீலம் கூடும், கொறஞ்சா மஞ்சளடிக்கும்.) தெருவிளக்குக்கே 3000 கெல்வினுக்கு மேல வேண்டாம்னு அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016லயே சொல்லிருச்சு. இங்க கடைல வார்ம் ஒயிட், அதாவது மஞ்சளடிக்கிற லைட்டு கேட்டா, "அதெல்லாம் ஓட்டலுக்குங்க, வீட்டுக்கு டல்லடிக்கும்"ங்கறாங்க.

ரோட்டுக் கதை தனி. பல்லடம் ரோட்டுல ராத்திரி எதுக்க வர்ற வண்டியப் பாத்தா ரோடே மறைஞ்சிருது. ஹாலஜனுக்குன்னு செஞ்ச கூட்டுக்குள்ள எல்.இ.டி. பல்பைத் திணிச்சா வெளிச்சம் கண்ட பக்கம் சிதறத்தான் செய்யும். முந்தியெல்லாம் ஹெட்லைட்டுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுவாங்க, அந்தப் பழக்கமும் போச்சு. வயசானவங்களுக்குக் கண்ணு லென்ஸே மங்கிட்டு வரும், அவங்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம்.

ரோட்டை நான் ஒருத்தன் திருத்த முடியாது. கம்பெனில முடியுமுங்க. மேல பால் கலர் மூடி போட்ட லைட்டு வாங்குங்க, டேபிளுக்கு நேர் மேல தொங்க விடாம கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. ஆடிட்டுக்கு வர்றவங்க வெளிச்சத்தை அளக்கற லக்ஸ் மீட்டரை டேபிள் மேல வெச்சு அளந்துட்டுப் போயிருவாங்க, மேல மாட்டியிருக்கிறது எப்படிக் கூசுதுன்னு அதுல வராது. அதை அங்கயே நிக்கிற அக்காவைத்தான் கேக்கோணும்.