வளர்ச்சி ஹார்மோன் சோதனை: சுற்றும் குரல்பதிவு சொல்வது தவறு

"வளர்ச்சி ஹார்மோன் குறைவா என்று பார்க்க ஒருமுறை ரத்தம் எடுத்தாலே போதும், நாலைந்து முறை எடுப்பது காசு பிடுங்கத்தான்" என்று பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவறு.

பிள்ளைகளை உயரமாக வளரவைக்கும் இந்த ஹார்மோன் விட்டுவிட்டு, பெரும்பாலும் தூக்கத்தில்தான் சுரக்கும். பகலில் ஒருமுறை மட்டும் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் குறைவாகவே காட்டலாம். அதனால்தான் வெறும் வயிற்றில் குளோனிடின் மாதிரி மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டி, அரை மணிக்கு ஒரு தடவை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ரத்தம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் குத்த மாட்டார்கள். முதலிலேயே கையில் போட்டு பிளாஸ்திரி ஒட்டிய கேனுலா என்ற மெல்லிய குழாய் வழியாகவே எடுப்பார்கள். குளோனிடினால் பிள்ளை தூங்கி வழியும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். அதற்காகத்தான் படுக்கவைத்து அடிக்கடி அளக்கிறார்கள். அன்று பள்ளிக்கூடம் வேண்டாம்.

தயவுசெய்து பயந்து தள்ளிப்போடாதீர்கள். எலும்பின் வளர்நுனிகள் மூடிவிட்டால் ஹார்மோன் ஊசி போட்டும் உயரம் கூடாது.