நீதி கேட்டபோது வந்த கேள்வி

ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் சிறார் கதைகளைக் கூடிப் படித்து விவாதிக்கிறார்கள் என்ற செய்தியைப் படிக்கவே நிறைவாக இருக்கிறது. எங்கள் காலத்தில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தவர் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு வாசிப்பு நிலைகளாக வந்தபோது பிள்ளைகளோடு சேர்ந்துதான் நானும் படித்தேன்.

ஒரு கதை முடிந்ததும் வழக்கம்போல நீதி என்னவென்று கேட்டேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி கடைசிப் படத்தில் விரலை வைத்தபடி, "டீச்சர், இந்த ஆட்டுக்குட்டி ராத்திரி எங்கே தூங்கும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலை மணி அடிக்கும்வரை வகுப்பே அதைப் பற்றித்தான் பேசியது.

பயிற்சி நிறுவனங்கள் வாரம் ஒரு மணி நேரமாவது, மதிப்பெண் இல்லாமல், இப்படிக் கதை படித்துப் பேசுவதற்கென ஒதுக்க வேண்டும்.